எல்லோருக்கும் தெரிந்த ரகசிய நம்பர்

மீனைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎல சந்தையில் வாங்கும் நெத்தலிக் கருவாடும் டின் மீனும்தான். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் எங்கே தெரியும்? இருந்தும் பதுளையில், குளத்து மீன்பிடியைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காரணம் மீன் அல்ல, கம்ப்யூட்டர். தொண்ணூறுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அலுவலகத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டரைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. அவ்வளவுதான் என் தகுதி.

முன்பெல்லாம் எந்தக் குளத்தில் எவ்வளவு மீன் பிடித்தார்கள் என்று கேட்டு வர ஓர் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் போவார். மழை பெய்தால் போக மாட்டார். எங்கள் ஊவா மாகாணத்தில் மழை பெய்யாத நாள் எது? ஆகவே பாதிக் கணக்கு அவருடைய கற்பனையில் பிடிபட்ட மீன்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, கைப்பேசி மலைக்கும் ஏறி வந்த காலத்தில், அதற்கு முடிவு கட்டப் புதிய முறை ஒன்று வந்தது. அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மாலையில் தன் ரகசிய நம்பரையும், போட்ட வலையையும், பிடித்த மீனின் எடையையும் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். அது நேராக என் கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் யாருக்கு அனுமதி, எந்தக் குளத்துக்கு எத்தனை மீன்குஞ்சு என்று முடிவு செய்வார்கள்.

சோதனையாகச் சில குளங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மாகாணம் முழுவதற்கும் விரிக்கும் முன்னர், இந்த முறைக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று மதிப்பிட்டு ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுத வேண்டியவள் நான். வழிகாட்டக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். வெளிநாட்டிலிருந்து யாராவது கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுவார்களா, வைரஸ் வருமா, இடி விழுந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் வயரைக் கடித்தது எலிதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

நான் மதிப்பீட்டைத் தொடங்கிய வாரத்தில்தான், பிறகு நான் அண்ணன் என்று கூப்பிட்ட ஒரு மீன்காரரின் விஷயம் என் மேசைக்கு வந்தது.

லுணுகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கீழே, வயல்களுக்குத் தண்ணீர் விடும் குளம் ஒன்று இருக்கிறது. தோட்ட வேலையை விட்ட சிலர் அதில் தோணி போட்டு மீன் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் அவர். மீன் முட்டையிடும் காலத்தில் அந்தக் குளத்தில் வலை போடக் கூடாது என்பது சட்டம். தடை இருந்த அந்த நாட்களில் அவருடைய ரகசிய நம்பரோடு மாலைக்கு மாலை செய்தி வந்திருந்தது. கண் சின்ன வலை, நிறைய மீன் என்று. கம்ப்யூட்டர் அதைச் சிவப்பில் காட்டியது. அனுமதியை ரத்துச் செய்வதாக அறிவித்தல் போனது. தோணியைக் கரையில் இழுத்துப் போட்டு, வலையையும் கட்டி சீல் வைத்துவிட்டு வந்தார்கள். விசாரணை முடியும் வரை அவர் குளத்தில் இறங்கக் கூடாது.

எங்கள் அலுவலகத்துப் பெரியவர் யாழ்ப்பாணத்து மனிதர். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. பதுளையில் பாதி ஆயுளைக் கழித்தவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

“சேர், களவாண்டவன் யாராச்சும் பொலிசுக்குத் தந்தி அடிச்சு, நான் இன்னைக்குக் களவாண்டேன்னு சொல்வானா?”

“ஆள் அனுப்பித்தானே இருக்கிறான், பிள்ளை. கொம்பியூட்டர் பொய் சொல்லாது.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சேர். ஆனா அதுக்கிட்ட சொன்னது யாருன்னு அதுக்குத் தெரியாதே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சரி, போய்ப் பாத்திட்டு வாரும்” என்றார்.

லுணுகலையில் இறங்கி அங்கிருந்து ஆட்டோவில் போனேன். அதற்கு முன்பே, பதுளைக்கும் லுணுகலைக்கும் நடுவில் இருந்த சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பையைக் கொட்டி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அது பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை. எரிச்சல் வரும், ஆனால் யாரும் பெரிதாகப் பேச மாட்டோம்.

அந்த அண்ணன் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தார். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கும் நேரம். அவருடைய மனைவியும் வரிசையில் நின்றார். அண்ணன் நாற்பது வயதைத் தாண்டியவர், சவரம் செய்யாத முகம். அவர் என்னை ‘மிஸ்’ என்றார். நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள்தான் என்று சொன்ன பிறகு ‘தங்கச்சி’ என்றார்.

“தோணி கவுந்து கெடக்கு தங்கச்சி. வெயில்ல கெடந்தா வெடிச்சுப் போயிரும். தண்ணியிலயாச்சும் போட்டு வைக்கச் சொல்லுங்க.”

அவர் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தோணியைப் பற்றித்தான் கேட்டார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அண்ணே, மெசேஜ் அனுப்ப ஒரு ரகசிய நம்பர் வச்சிருப்பீங்களே, அது வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“ஐயோ, இல்லீங்க. பொஞ்சாதிக்கிட்டகூட சொல்லல.” சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். “நூத்தி அறுவத்தி நாலு. நாலு எழுத்து வேணும்னாங்க, முன்னாடி ஒரு சைபரப் போட்டுக்கிட்டேன்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை மலையே கேட்கும்படி கத்தினார். “நூத்தி அறுவத்தி நாலு!”

அண்ணனின் மனைவி சாக்கைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போனார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அண்ணனும் முதலில் சிரித்தார், ஏன் என்று தெரியாமல். பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அது அவருடைய மனைவியின் செக்ரோல் நம்பர். தோட்டத்தில் பேர் பதிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அதைச் சொல்லித்தான் மலைக்கு அனுப்புவார்கள். கொழுந்து நிறுக்கும்போது அதைத்தான் கூப்பிடுவார்கள். தேயிலைத்தூள் கொடுப்பது, கோதுமை மா கொடுப்பது, பிள்ளை பிறந்ததைப் பதிவது எல்லாம் அதில்தான். பேரை மறந்தாலும் நம்பரை மறக்க மாட்டார்கள். கொழும்பில் இருந்துகொண்டு, மனதில் நிற்கிற மாதிரி ஒரு நம்பரை வையுங்கள் என்று சொன்னால், எங்கள் சனம் வேறு எதை வைக்கும்?

மற்ற மீன்காரர்களையும் தேடிப் போய்க் கேட்டேன். ஒருவர் மனைவியுடையது, ஒருவர் அம்மாவுடையது, ஒருவர் செத்துப்போன தகப்பனுடையது. ஒவ்வொருவரும் அதை ரகசியமாகத்தான் சொன்னார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. அலுவலகத்தில் என் கம்ப்யூட்டரைத் திறக்க நான் போட்டிருந்ததும் என் அம்மாவின் செக்ரோல் நம்பர்தான்.

அடுத்து, ரோடு பிரியும் சந்தியில் இருந்த கடைக்குப் போனேன். அந்த லயங்களுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. எல்லோருடைய கைப்பேசியும் கடை முதலாளியின் மேசையில்தான் சார்ஜ் ஏறும். குளத்து மீனை மொத்தமாக வாங்கி வேனில் அனுப்புகிறவரும் அவரே. என்னை உட்காரவைத்து, பால் தேத்தண்ணி கொடுத்தார். நல்ல மரியாதையான ஆள்.

“மெசேஜ் எல்லாம் நாந்தாங்க மிஸ் அனுப்பிக் குடுக்குறது. பாவம், எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக. நம்மால முடிஞ்ச ஒதவி.”

“அந்த அண்ணனுக்கும் அனுப்பினீங்களா?”

“அவரு இப்ப நம்ம கடைக்கு வர்றதில்லீங்களே. மீனத் தலையில வச்சுக்கிட்டு லுணுகலைக்கே போயி விக்கிறாரு. பெரியாளாயிட்டாரு.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர்தான் பொய்ச் செய்தி அனுப்பினார் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். ஆதாரம் இல்லை. எந்தக் கைப்பேசியிலிருந்து செய்தி வந்தது என்பதைப் பதிந்து வைக்கும் வசதி எங்கள் முறையில் இல்லை. நம்பர் சரியென்றால் கம்ப்யூட்டர் கதவைத் திறந்துவிடும். அந்த நம்பரோ மடுவத்தில் நிற்கும் நாய்க்கும் தெரியும்.

மறுநாள் பெரியவரின் அறையில் என் கைப்பேசியை எடுத்தேன். அவர் பார்க்கும்போதே அண்ணனின் நம்பரைப் போட்டு, ஒரே ஒரு வலையில் ஒரு யானையின் எடைக்கு மீன் பிடித்ததாக அனுப்பினேன். தோணி சீல் வைத்துக் கரையில் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ‘உங்கள் அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி.’

பெரியவர் அதை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீர் சொல்லுறது விளங்குது, பிள்ளை. ஆனா இதை எப்பிடி எழுதப் போறீர்? ரெலிபோன், ரகசிய நம்பர், கள்ளச் செய்தி, தமிழ்ப் பேர். இவ்வளவையும் ஒரே கடதாசியிலை எழுதி மேலுக்கு அனுப்பினால், நாளைக்கு அந்த லயத்துக்கு ஆர் வருவினம் எண்டு யோசிச்சுப் பாத்தனீரோ?”

நான் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. நம்பரையும் கம்ப்யூட்டரையும்தான் யோசித்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு பையனை, பையில் பழைய ரேடியோ பாகங்கள் இருந்ததற்காகப் பொலிசார் கொண்டுபோய், நெடுநாள் கழித்துத்தான் விட்டார்கள். எனக்குப் பயம் வந்தது. ஆனால் கோபமும் வந்தது.

“அப்ப அவரக் கள்ளன்னே விட்டுருவமா சேர்?”

அவர் பேனாவைத் திறந்தார். அந்த அறிக்கையை இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதினோம். நான் எழுதியதை அவர் அடிப்பார், அவர் அடித்ததை நான் திரும்ப எழுதுவேன். எந்த ஊர், எந்தக் குளம், யாருடைய பேர் என்று எதுவும் இல்லாமல், ஆனால் விஷயம் ஒன்றும் குறையாமல் கொண்டு வந்தார். அந்த மனிதருக்கு அதில் ஒரு திறமை இருந்தது. பயந்து பயந்தே வாழ்ந்தவர்களுக்கு வரும் திறமை அது. கடைசியில், இந்தச் செய்திகளை வைத்து எவரையும் தண்டிக்கக் கூடாது, நம்பர்களை மாற்றி, அனுப்புகிறவர் யார் என்பதை உறுதி செய்ய வேண்டும், சார்ஜ் போட லயத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்று முடித்தோம். அவர் கையெழுத்துப் போட்டார்.

மதிப்பீடு கொழும்பில் பாராட்டப்பட்டது. ஆலோசகரே தொலைபேசியில் கூப்பிட்டு, நான் எலியை எழுதினேன், நீங்கள் மனிதரை எழுதிவிட்டீர்கள் என்றார். அண்ணன் மீதான குற்றச்சாட்டை விலக்கிக்கொள்வதாகக் கடிதமும் வந்தது. நான் அலுவலகத்திலேயே எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். என் வேலையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

அந்தச் சந்தோஷம் புதிய விதிகள் வரும் வரைதான். செய்தி அனுப்புகிறவர் யார் என்பது உறுதியாக வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம் அல்லவா? உறுதி செய்துவிட்டார்கள். இனி ஒவ்வொருவரும் தன் சொந்தப் பேரில் எடுத்த கைப்பேசி இணைப்பிலிருந்துதான் அனுப்ப வேண்டும். தேசிய அடையாள அட்டை நம்பரோடு பதிய வேண்டும். பதியாதவருக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது.

அண்ணனிடம் அடையாள அட்டை இல்லை.

இது அப்போது மலையில் அதிசயம் இல்லை. அவர் பிறந்தது வேறொரு தோட்டத்தில். இனக்கலவரத்தில் அந்த லயம் எரிந்தபோது கையில் பிள்ளைகளோடு ஓடிவந்தவர்கள் பத்திரங்கள் இருந்த பெட்டியைத் தூக்கி வரவில்லை. பிறப்புப் பதிவு இல்லை, ஆகவே அட்டை இல்லை. முன்பு மீனவர் சங்கம் தோட்டத்துத் துரையின் கடிதத்தை வைத்து அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தது. கையில் இருந்த கைப்பேசியும் மச்சானின் பேரில் எடுத்தது. லுணுகலையைத் தாண்டி, சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை.

நான் விடவில்லை. கிராம சேவகரிடம் போனேன். பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்றார். கச்சேரி என்று நாங்கள் சொல்லும் பதுளை மாவட்டச் செயலகத்தில் தேடச் சொன்னேன். பிறந்த தேதியைக் கேட்டார்கள். அண்ணனிடம் கேட்டேன். “பெரிய மழையில பொறந்தேன்னு ஆத்தா சொல்லும்” என்றார். ஊவாவில் அதை வைத்து எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? சத்தியக் கடதாசி, தோட்டத்துக் கடிதம், பள்ளிக்கூடத்தில் தேடல் என்று அது ஒரு நீண்ட வழி. விதியோ அந்த வருடமே அமுலுக்கு வந்தது.

கடைசியாக ஆலோசகரைக் கூப்பிட்டேன். ஒரே ஒருவருக்கு விலக்குக் கொடுங்கள், அவரை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு என்றேன். அவர் பொறுமையாகவே பேசினார். ஒருவருக்குத் திறந்து வைக்கும் கதவால் யாரும் வரலாம் என்று உங்கள் அறிக்கையில் நீங்கள்தானே எழுதினீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அதுதான் என்னை அதிகமாக எரித்தது. தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

அனுமதி காலாவதியானது. குளத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாக விளம்பரம் போட்டோம். சந்திக் கடை முதலாளி விண்ணப்பித்தார். அடையாள அட்டை இருந்தது. சொந்தப் பேரில் இணைப்பு இருந்தது. எந்தக் குறையும் இல்லை. பெரியவர் அந்தக் கோப்பை நெடுநேரம் திறந்தே வைத்திருந்தார்.

“மறுக்கிறதுக்கு ஒரு காரணம் எழுதித் தாரும், பிள்ளை, நான் மறுக்கிறன்” என்றார். என்னால் ஒரு காரணமும் எழுத முடியவில்லை. அவர் கையெழுத்திட்டார்.

புதிய முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சில மாதங்கள் கழித்து மறுபடி அந்தக் குளத்துக்குப் போனேன். முதலாளியின் செய்தி ஒவ்வொரு மாலையும் ஒழுங்காக வந்தது. சரியான நம்பர், சரியான இணைப்பு, நம்பக்கூடிய எடை. என் திரையில் எல்லாம் பச்சை. முதலாளிக்கு நீந்தக்கூடத் தெரியாது. தோணியில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தது அந்த அண்ணன்தான், முதலாளியிடம் நாள் கூலிக்கு. தோணியும் அவருடையது அல்ல. விற்றுவிட்டாராம், அதே ஆளுக்கு.

என்னைக் கண்டதும் கரைக்கு வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணே, ஐடென்டி கார்டு விஷயம் இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். விடல.”

“நீங்க ஓடியாடுனது தெரியும் தங்கச்சி. ஒங்க மேல ஒண்ணுமில்ல.” தோணியில் தேங்கிய தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டே பேசினார். “மொதல்ல என்னையக் கள்ளன்னு சொன்னாங்க. நான் இல்லைன்னு எதுத்துச் சொல்ல முடிஞ்சிச்சு. நீங்களும் வந்தீங்க. இப்ப அப்பிடி ஒரு ஆளே இல்லைங்கிறாங்க. இல்லாத ஆளு எந்திரிச்சு நின்னு என்னத்தச் சொல்றது?”

சந்திப் பக்கம் வேனின் ஹார்ன் கேட்டது. அவர் மீன் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, “மொதலாளி கூப்புடுறாரு, வாறேங்க” என்று மேட்டில் ஏறிப் போனார். அன்று மாலை நான் பதுளைக்குத் திரும்பியபோது அந்தப் பெட்டியின் எடை திரையில் வந்திருந்தது. யாருடைய பேரில் வர வேண்டுமோ அவருடைய பேரில், பச்சையாக.